பெயர் கிழித்த தாள்கள்

ஜனவரி 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய்? இருமல் விட்டதா? "தூசிதான், வேறொன்றுமில்லை" என்று போன மாதமும் எழுதினாய், அதற்கு முந்தின மாதமும் எழுதினாய். எந்தத் தூசியும் இவ்வளவு நாள் ஒரே ஆள் தொண்டையில் குடித்தனம் பண்ணாது. வெந்நீர் குடி. நான் வாங்கித் தந்த மப்ளரைப் பெட்டிக்குள் வைத்து அழகு பார்க்காமல் கழுத்தில் சுற்றிக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசிய லட்சணம் போதும். நான் கத்திய கத்தலில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, "என்னம்மா, யாராவது வழுக்கி விழுந்துட்டாங்களா?" என்று கேட்டார். கடைசிவரை உனக்கு மட்டும்தான் கேட்கவில்லை. இருபத்தெட்டு வருடம் காகித ஆலை மிஷின் பக்கத்தில் நின்ற காது அது, அதைச் சொல்லிக் குற்றமில்லை. நமக்குக் கடிதமே சரி.

ஒரு நல்ல செய்தி. எங்கள் வார்டில் குப்பை பிரிக்கிற வேலைக்கு என்னை மேற்பார்வையாளராகப் போட்டிருக்கிறார்கள். ஆறு தள்ளுவண்டி, பதினாலு தெரு, எல்லாம் என் தலையில். வீடு வீடாகப் போய்ப் பேப்பர் தனி, பிளாஸ்டிக் தனி, மக்குகிற குப்பை தனி என்று தொண்டை வற்றச் சொல்கிறேன். முதல் வாரம் என்னைக் கண்டாலே கதவைச் சாத்தினார்கள். இப்போது அவர்களே பழைய பேப்பரை அடுக்கிக் கட்டி வாசலில் வைக்கிறார்கள். அதோடு விட்டேனா? டீக்கடை, ஆபீஸ், பாங்க் என்று சுற்றி, குடித்துப் போட்ட பேப்பர் கப்பையெல்லாம் வாங்க ஆரம்பித்திருக்கிறேன். அத்தனையும் சாக்கடையில் போய் அடைத்துக்கொண்டிருந்தது. "கப்பும் பேப்பர்தானே, மூட்டையில போடுங்க" என்று நான்தான் யோசனை சொன்னேன். ஆபீசில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை, உன் தங்கைக்குத் தோன்றியது.

இன்னும் கேள். எங்கள் பேப்பர் மூட்டையெல்லாம் உன் ஆலைக்குத்தான் வருகிறதாம். லாரிக்காரர் சொன்னார். அடையாளத்துக்கு நீலக் கயிறு கட்டச் சொல்லியிருக்கிறேன். பார்த்தால் ஒரு வரி எழுது.

இவர் உன் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "உங்க அண்ணன் ஏன் எலி கடிச்ச தாளாப் பார்த்து எழுதுறார்?" என்கிறார். உன் மாப்பிள்ளைக்கு நீயே பதில் சொல்லிக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை

ஜனவரி 27

அன்புள்ள வாயாடிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? மேற்பார்வையாளர் அம்மாவுக்கு என் வணக்கம். சின்ன வயதில் என் பென்சில்களைச் சீவினது தனி, சீவாதது தனி என்று பிரித்து ஒளித்து வைத்தவள் நீ. உனக்கு இந்த வேலை கொடுத்தவன் ஆள் தெரிந்துதான் கொடுத்திருக்கிறான்.

மாப்பிள்ளைக்குச் சொல், எலி இல்லை, நான்தான் கிழிக்கிறேன். பழைய பேப்பர் மூட்டையில் ஒருபக்கம் எழுதாத தாள் வந்தால் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்வோம். எடுப்பதற்கு முன்னால் பெயர் இருக்கிற மூலையைக் கிழித்துவிட வேண்டும். இது ஆலை போட்ட சட்டமில்லை, எங்களுக்குள் ஒரு வழக்கம். என்னோடு ரூமில் இருக்கிறானே நெட்டை, அவன் ஆரம்பித்தது. "ஒருத்தன் மார்க்கு ஊர் சுத்தலாம்டா, பேரு சுத்தக் கூடாது" என்பான். இந்தத் தாளைத் திருப்பிப் பார், தெரியும். கணக்குப் பரீட்சை, நூற்றுக்குப் பதினொன்று. "இன்னும் கவனம் தேவை" என்று டீச்சர் எழுதியிருக்கிறார். பதினொன்று வாங்கினவனிடம் இதைவிட மரியாதையாக யாரும் பேச முடியாது.

நீலக் கயிறு மூட்டையைப் பார்த்தேன். "இது என் தங்கச்சி கட்டினது" என்று நெட்டையிடம் காட்டினேன். "முடிச்சைப் பார்த்தாலே தெரியுது, அவிழ்க்கவே முடியலையே" என்றான்.

ஒன்று மட்டும். கப்பைத் தனியாக வைத்தால் நல்லது. அவசரமில்லை. முடிந்தால் செய்.

வெந்நீர் குடிக்கிறேன். மப்ளர் கழுத்தில்தான் இருக்கிறது. மாப்பிள்ளையின் முட்டி வலி எப்படி?

உன் அண்ணன்

பிப்ரவரி 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். இவர் முட்டிக்கு எண்ணெய் தேய்க்கிறோம், மாடிப்படியைக் கண்டால் மட்டும் வலிக்கிறது. உன் இருமலைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாமல் டபாய்த்திருக்கிறாய். இருக்கிறதா, விட்டதா? அதை எழுது முதலில்.

கப்பை ஏன் தனியாக வைக்க வேண்டும்? உனக்கு எதிலும் ஒரு குறை. போன வாரம் ஆணையர் வந்து எங்கள் கிடங்கைப் பார்த்தார். கப் மலையாகக் குவிந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "இது யாரோட ஐடியா?" என்றார். எல்லாரும் என்னைக் காட்டினார்கள். அவசரத்தில் இரண்டு தடவை கும்பிடு போட்டேன். பக்கத்து வார்டுக்காரர்களையும் இதேபோல் செய்யச் சொல்லிவிட்டுப் போனார். இப்போது போய்த் தனியாக வை, தள்ளி வை என்றால் என்னை என்ன நினைப்பார்கள்?

கோபத்தில் எழுதவில்லை. சந்தோஷத்தில்தான் எழுதுகிறேன். அண்ணி போன பிறகு நீ அந்த ஆலை ரூமிலேயே முடங்கிக் கிடக்கிறாய். ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வா. நான் வேலை செய்கிற அழகைப் பார்க்க வேண்டாமா? கையுறை எல்லாம் கொடுத்திருக்கிறார்கள்.

ராத்திரி தலையணையை உயரமாக வைத்துப் படு, இருமல் அடங்கும்.

உன் தங்கை

மார்ச் 3

அன்புள்ள தங்கைக்கு,

நலம். உன் நலமறிய ஆவல். இருமல் குறைந்திருக்கிறது.

கப்பைப் பற்றி எழுதியதை மனசில் வைத்துக்கொள்ளாதே, சும்மா சொன்னேன். ஆணையரே பாராட்டினபோது நான் யார்?

லீவு இப்போது கிடைக்காது. ஆள் குறைவு. கூழ் அரைக்கிற பல்பர் தொட்டி ஓடிக்கொண்டிருக்கிறது, நானும் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறேன். கண்ணாடியின் ஒரு காம்பு உடைந்துவிட்டது, நூல் கட்டிப் போட்டிருக்கிறேன். அது நழுவி நழுவி மூக்கில் இறங்குகிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

வேறு விசேஷம் இல்லை. மாப்பிள்ளையை மாடிப்படி ஏற விடாதே.

உன் அண்ணன்

மார்ச் 10

அண்ணா,

நலமாக இருக்கிறாயா? எப்போதும் கேட்பதுபோல் கேட்கவில்லை. நிஜமாகக் கேட்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, மறுபக்கம் யார் வீட்டு வம்பு என்று வழக்கம்போலத் திருப்பினேன். இவரும் எட்டிப் பார்த்தார். போன தடவை பரீட்சைத் தாள், அதற்கு முன்னால் யாரோ மொட்டைமாடிச் சாவிக்காக எழுதிய புகார். இந்தத் தடவை ஆஸ்பத்திரிச் சீட்டு. பெயர் இருந்த மூலை கிழிந்திருக்கிறது. மற்றதெல்லாம் இருக்கிறது.

ஆண். வயது ஐம்பத்து நான்கு. மனைவி உயிரோடு இல்லை. இடது கையில் சுண்டுவிரல் இல்லை. இரண்டு காதும் மந்தம். தொழில் காகித ஆலை, பாய்லர் பிரிவு. ஏழு மாதமாக இருமல், சளியில் ரத்தம். வலது நுரையீரலின் மேல்பக்கம் நிழல் தெரிகிறது, சதை எடுத்துச் சோதிக்க வேண்டும்.

இது யார் அண்ணா?

நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. இவர்தான், "பாய்லர்னு போட்டிருக்கே, உங்க அண்ணன் பல்பர்லதானே இருக்கார்? வேற யாராவதா இருக்கும்" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் ஓட்டினேன். இதற்குமேல் முடியவில்லை. உடனே பதில் போடு. ஒரு வரி போதும்.

உன் தங்கை

ஏப்ரல் 2

அன்புள்ள தங்கைக்கு,

நான் கல் மாதிரி இருக்கிறேன். நீங்கள் இருவரும் நலம் என்று நம்புகிறேன். ஷிப்ட் மாறியதால் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

அது மூட்டையில் வந்த தாள். ஆஸ்பத்திரிப் பேப்பரெல்லாம் இப்போது இங்கேதான் வருகிறது. கண்ணாடி உடைந்த கதைதான் உனக்குத் தெரியுமே, கையில் கிடைத்ததை எடுத்து எழுதினேன். விரல் போனவன் உலகத்தில் நான் ஒருத்தன்தானா? இந்த ஆலையில் எல்லார் கையையும் நீட்டச் சொல்லி எண்ணினால் ஏழெட்டு விரல் கணக்கில் உதைக்கும். காது கேட்காதவனைத் தேடவே வேண்டாம், கேட்கிறவன்தான் கிடைக்க மாட்டான். மாப்பிள்ளை சரியாகப் பிடித்தார். நான் பல்பர் ஆள்.

பாவம், அந்த மனுஷன் யாரோ. நன்றாக இருக்கட்டும்.

இதைப் பற்றி இனிமேல் எழுதாதே. உன் கிடங்கைப் பற்றி எழுது. அதுதான் படிக்க நன்றாக இருக்கிறது.

உன் அண்ணன்

ஏப்ரல் 7

அண்ணா,

இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ கல் மாதிரி இருப்பதாக எழுதியிருக்கிறாய். கல் இருமுமா?

நம்பிப் பார்த்தேன். ஒரு பகல் முழுக்க உன்னை நம்பினேன். ஆனால் மூட்டையில் வருகிற தாள் எப்படி இருக்கும் என்று எனக்கா தெரியாது? நான்தானே கட்டுகிறேன். அழுத்திக் கட்டினால் தாள் முழுக்கச் சுருக்கம் விழும். இது அழகாக நாலாக மடித்த தாள். மடிப்பெல்லாம் வியர்வை ஊறி மஞ்சளாக இருக்கிறது. சட்டைப் பையில் பல நாள் இருந்த தாள் இது.

லாரிக்காரரைப் பிடித்தேன். "எங்க அண்ணனைத் தெரியுமா? பல்பர்ல இருக்காரே, விரல் இல்லாதவர்" என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "பல்பர்ல இல்லீங்களே. ஒருநாள் மணி அடிச்சும் காது கேக்காம தொட்டி ஓரத்துலயே நின்னுட்டாரு. நெட்டைதான் சட்டையைப் புடிச்சு இழுத்தாரு. அதுலேர்ந்து பாய்லர்ல போட்டுட்டாங்க. ரெண்டு வருஷமாச்சே, உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

இரண்டு வருடம்! எத்தனை கடிதம் அண்ணா! ஒவ்வொன்றிலும் பல்பர் ஓடுகிறது, நான் நிற்கிறேன் என்று எழுதினாயே, பாவி.

அவர் இன்னொன்றும் சொன்னார். "உங்க வார்டு கப்பெல்லாம்கூட அந்த பாய்லர்லதான் எரியுது" என்றார். நான் பேப்பர் என்று அனுப்பியது ஏன் எரிகிறது? கேட்டால், "எனக்கு வண்டி ஓட்டத்தாங்க தெரியும்" என்று ஏறிப் போய்விட்டார்.

மூடி மறைக்காமல் எழுது. பத்து நாளில் பதில் வராவிட்டால் நானே வந்து ஆலை கேட்டில் உட்கார்ந்துவிடுவேன். மானம் ரோஷமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்கிறேன். இருமலில் இன்னும் ரத்தம் வருகிறதா?

உன் தங்கை

ஏப்ரல் 16

அன்புள்ள தங்கைக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். கேட்டில் வந்து உட்காராதே, எழுதுகிறேன்.

அந்த ஆள் நான்தான். ரத்தம் வருகிறது, தினமும் இல்லை. பையில் இருந்த சீட்டையும் கடிதம் எழுதுகிற தாளையும் ஒரே அடுக்கில் வைத்திருந்தேன். மேலே இருந்ததை எடுத்தேன், பழக்கத்தில் மூலையைக் கிழித்தேன், எழுதினேன். என் பெயரை என் கையாலேயே கிழித்திருக்கிறேன். தெரியாமல் எடுத்துவிட்டேன் என்று நெட்டையிடம் தலையில் அடித்துக்கொண்டேன். அவன், "சும்மா இருடா. சொல்லத் தைரியமில்ல, அதான் அனுப்பிட்டே" என்றான். எது நிஜம் என்று எனக்கே தெரியவில்லை.

கப்பைக் கேட்டாய். பல்பர் என்பது தரைக்குள் இறக்கின பெரிய மிக்ஸி, அவ்வளவுதான். பேப்பரும் தண்ணீரும் போட்டால் கூழாகிவிடும். கரையாத பிளாஸ்டிக்கெல்லாம் உள்ளே தொங்குகிற கயிற்றில் சுற்றிக்கொண்டு நீளமாக வெளியே வரும். நாங்கள் அதைச் சடை என்போம். பேப்பர் கப்பின் உள்பக்கம் டீ ஊறாமல் இருக்க மெல்லிசாகப் பிளாஸ்டிக் பூசியிருக்கிறது. அதைப் பிரிக்கிற மிஷின் எங்கெங்கோ இருக்கிறதாம், எங்களிடம் இல்லை. கப் கரைந்தும் கரையாமலும் சடையில் போய்ச் சேரும். சடையை வெட்டி, முற்றத்தில் காயப்போட்டு, விறகு குறைகிற நாளில் பாய்லரில் தள்ளுவோம். தள்ளுகிற ஆள் நான். கறுப்பாகப் புகையும். வாயில் துணி கட்டிக்கொள்வேன்.

உன் மூட்டையால்தான் வந்ததா என்று கேட்பாய். உன்னை எனக்குத் தெரியும். ஏழெட்டு ஊரிலிருந்து மூட்டை வருகிறது இங்கே. உன் பதினாலு தெருவுக்கு மட்டும் அவ்வளவு மரியாதை கொடுக்க முடியாது. உன் கப்புக்கு முன்னாலேயே இருமல் வந்துவிட்டது. சீட்டிலேயே ஏழு மாதம் என்று போட்டிருக்கிறதே, படிக்கவில்லையா?

நெஞ்சுக் கோளாறு என்று தெரிந்தால் இங்கே வைத்திருக்க மாட்டார்கள். வேலையும் போகும், ரூமும் போகும். அதனால்தான் ஆலை டாக்டரிடம் காட்டவில்லை. உன்னிடம் சொல்லாததற்கு வேறு காரணம். உன் அண்ணி படுத்திருந்த எட்டு மாதமும் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தே உன் இடுப்பு போனது. மறுபடியும் அந்த மாதிரி ஒரு பெஞ்சில் உன்னை உட்கார வைக்க எனக்கு மனசில்லை.

சதை எடுத்துவிட்டார்கள். முடிவைத் தபாலில் அனுப்புவார்களாம். இங்கே வந்தால் கேட் கிளார்க் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு ஆலைக்கே ஒலிபரப்புவார். அதனால் உன் முகவரியைக் கொடுத்திருக்கிறேன். ஆஸ்பத்திரி உறை வந்தால் பிரிக்காதே. அப்படியே ஒரு சாதா உறைக்குள் போட்டு எனக்கு அனுப்பு. முதலில் நான் பார்க்க வேண்டும்.

ஒன்றும் இருக்காது. நீ வராதே. மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல்.

உன் அண்ணன்

மே 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

எப்படி இருக்கிறாய்? ரத்தம் நின்றதா? சாப்பாடு இறங்குகிறதா? மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும். உறை இன்னும் வரவில்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே நான் வாசலுக்குப் போய்விடுகிறேன். அவருக்கு என்னைப் பார்த்தால் பயமாக இருக்கிறதாம், இவரிடம் சொல்லியிருக்கிறார்.

உன் கடிதம் வந்த மறுநாளே கப்பை நிறுத்தினேன். ஏறின படியெல்லாம் மறுபடி ஏறி, "கப்பைப் பேப்பரோட போடாதீங்க, உள்ளே பிளாஸ்டிக் இருக்கு" என்று சொல்லிவருகிறேன். டீக்கடைக்காரர் சிரிக்கிறார். "அக்கா, போன மாசம் கப்பு பேப்பர்னீங்க. இப்ப பிளாஸ்டிக்ங்கிறீங்க. அடுத்த மாசம் இரும்புன்னு சொல்லுவீங்களா?" என்கிறார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். பழையபடி கண்ணாடி டம்ளர் வாங்கி வையுங்கள் என்றால், கழுவ ஆள் இல்லை என்கிறார். மூன்று நாள் அங்கேயே நின்று நானே கழுவிக் காட்டினேன். நாலாம் நாள் மனசு இறங்கி, "போதும்க்கா, மானத்தை வாங்காதீங்க" என்று இரண்டு டஜன் டம்ளர் வாங்கிவிட்டார். பாங்கில் ஆளுக்கொரு கப் வீட்டிலிருந்தே கொண்டுவருகிறார்கள். மற்ற இடங்களில் இன்னும் நடக்கவில்லை. மேலதிகாரி என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, மூட்டை எடை பாதியாகிவிட்டது.

பக்கத்து வார்டுக்கும் போனேன். நான் ஆரம்பித்ததைப் பார்த்துத்தானே அவர்களும் ஆரம்பித்தார்கள். "ஆணையர் சொன்னா நிறுத்துறோம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

நீ தனியாக வை என்று எழுதியபோது, உனக்கு எதிலும் ஒரு குறை என்று நான் எழுதினேனே, அந்த வரியை நீ கிழித்துப் போட்டுவிடு. என்ன ஆட்டம் ஆடியிருக்கிறேன்! அண்ணா, நீ ஒரு வரி விவரமாக எழுதியிருக்கக் கூடாதா?

மப்ளரைத் தண்ணீரில் நனைத்து மூக்கோடு கட்டிக்கொள். வெறும் துணி போதாது.

உன் தங்கை

மே 15

அன்புள்ள தங்கைக்கு,

நலமா? மூன்று பதில். நடமாடுகிறேன். ரத்தம் அவ்வப்போது. சாப்பாடு பாதி. மப்ளர் நனைத்துக் கட்டுகிறேன், நெட்டை பார்த்துவிட்டு, "கொள்ளையடிக்கக் கிளம்பிட்டியா?" என்கிறான்.

விவரமாக எழுதியிருக்கலாம்தான். நீ அவ்வளவு சந்தோஷமாக எழுதி நான் பல வருடமாகப் பார்த்ததில்லை. அதைக் கெடுக்க மனசு வரவில்லை.

போன வாரம் வந்த நீலக் கயிறு மூட்டையில் கப் ரொம்பக் குறைவு. நெட்டை கூப்பிட்டுக் காட்டினான். மற்ற ஊர் மூட்டைகளில் அப்படியேதான் இருக்கிறது.

உறை வந்ததா? வந்தவுடன் அனுப்பு. தினமும் கேட் கிளார்க்கிடம் எனக்குத் தபால் இருக்கிறதா என்று கேட்கிறேன். "யாருய்யா அந்தப் பொண்ணு?" என்று கேலி பண்ணுகிறார்.

உன் அண்ணன்

ஜூன் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்தது. ஆஸ்பத்திரி உறை இன்னும் வரவில்லை. தபால் ஆபீசில் விசாரித்தேன், சில சமயம் தாமதமாகும் என்றார்கள். வந்தால் உடனே அனுப்புகிறேன்.

இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. முன் அறையில் அடுக்கி வைத்திருந்த பழைய பேப்பர், சாமான் எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். சுவருக்கு வெள்ளை அடித்தாயிற்று. இவரே முட்டி வலியோடு ஏணியில் ஏறி அடித்தார். கட்டிலை ஜன்னல் ஓரமாகப் போட்டிருக்கிறோம். ஜன்னலுக்கு எதிரே சுவர் இல்லை, தெரு தெரியும், காற்று நன்றாக வரும். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் மட்டும் சத்தமாக இருக்கும், அது உனக்கு ஒன்றும் தொந்தரவு இல்லை.

நான் என்ன நினைக்கிறேன் என்றால், நீ எதற்கு இன்னும் அங்கே கஷ்டப்பட வேண்டும்? இருபத்தெட்டு வருடம் உழைத்தது போதாதா? நீயாகவே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடு. யாருக்காக ஓட வேண்டும்? இவரும் இதைத்தான் சொல்கிறார். "மச்சானை வரச் சொல்லு, எனக்கும் பேச்சுத் துணைக்கு ஆள் இல்ல" என்கிறார். நீ எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இரு. யோசித்துக்கொண்டு இருக்காதே.

நீ சின்ன வயதில் என்னை சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து ஓட்டினதை இவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏன் என்று தெரியவில்லை, ஞாபகம் வந்தது.

கிடங்கில் எல்லாம் வழக்கம்போல நடக்கிறது.

எப்போதும் உன் நினைவாக,
தங்கை

ஜூன் 14

அன்புள்ள தங்கைக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? அவரை ஏணியில் ஏற்றியிருக்கிறாயே, உனக்கு ஈவிரக்கம் இருக்கிறதா?

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நெட்டையிடம் கொடுத்து அவனையும் படிக்கச் சொன்னேன். "நல்லாத்தானே எழுதியிருக்கு, என்ன தேடுறே?" என்றான். இத்தனை வருடமாக எழுதுகிறாய், என் இருமலை விசாரிக்காமல், வெந்நீர் குடி என்று அதட்டாமல் ஒரு கடிதம் வந்ததில்லை. இதில் ஒரு வார்த்தை இல்லை. ரத்தம் அவ்வப்போது வருகிறது, சாப்பாடு பாதிதான் இறங்குகிறது என்று எழுதினேனே, அதைப் பற்றி ஒரு திட்டுகூட இல்லை. வெள்ளையடித்த கதையையும் சைக்கிள் கதையையும் எழுதியிருக்கிறாய்.

உறை வந்துவிட்டது. நீ பிரித்தும் பார்த்துவிட்டாய். கோபமில்லை. நான் இரண்டு வருடம் கடிதத்திலேயே பல்பரில் நின்றேன், நீ ஒரே ஒரு கடிதத்தில் தபால் ஆபீசைக் குறை சொல்லியிருக்கிறாய்.

புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். மே இருபதாம் தேதியே அனுப்பிவிட்டோம், கிடைக்கவில்லை என்றால் நகல் தருகிறோம் என்றார்கள். அந்தப் பெண் எழுந்து அலமாரியைத் திறந்தாள். வேண்டாம்மா, என் தங்கையிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நேற்று மேனேஜரிடம் நானே போய்ச் சொன்னேன். ஒளித்து இனி என்ன ஆகப்போகிறது? மாதக் கடைசி வரை ரூமில் இருந்துகொள்ளச் சொன்னார். பாய்லருக்குப் போக வேண்டாம் என்றார். ரூமில் இருப்புக்கொள்ளாமல் கேட் பக்கத்தில் இருக்கிற மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். முற்றத்தில் அன்றைக்கு வந்த சடையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். என் இடத்துக்கு இன்னொருத்தனைப் போட்டாயிற்று. புதுசாகக் கல்யாணமானவன். வாயில் துணியை இறுக்கிக் கட்டச் சொல்லி சைகை காட்டினேன். சரி சரி என்று சிரித்துவிட்டுப் போனான்.

தங்கச்சி, நான் இவ்வளவு நாள் உன்னோடு தமாஷாகவே எழுதிக்கொண்டிருந்தேன். இந்த ரூமில் தனியாக உட்கார்ந்து அப்படி எழுதினால், எனக்கே ஒன்றுமில்லாதது போல இருக்கும். இப்போது அது வரவில்லை. நெட்டை ஷிப்டுக்குப் போய்விட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உன் அண்ணி கடைசி மாதம் என் கையை விடவே மாட்டாளே, அது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது.

நானாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுவேன் என்று நினைக்காதே. கேட் வரைக்கும் நடப்பதற்குள் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருக்கிறது.

வராதே வராதே என்று உனக்கு எழுதினதெல்லாம் பொய். எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தக் கடிதம் கிடைத்தவுடன் கிளம்பி வா.

உன் அண்ணன்